மனுவுக்கும் அரசாணைக்கும் நடுவே

திங்கட்கிழமை காலையில் கொங்குப் பக்கம் எந்தக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். வாசலில் ஒரு மரம், அதன் நிழலில் ஸ்டூலும் அட்டையுமாக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்கள், உள்ளே பதிவு செய்ய நீண்ட வரிசை. சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், மஞ்சப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அவருக்குத் தோட்டம். பாட்டிலில் இருந்தது அவர் கிணற்றுத் தண்ணீர். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, “பாத்தா ஒண்ணுந் தெரியாது கண்ணு. வாயில வச்சாத்தான் தெரியும்” என்றார். போன தடவை மனு கொடுத்தபோதும் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார்களாம்.

அவர் மனுவை நானும் படித்தேன். தண்ணீர் உப்பாகிவிட்டது, தென்னை காய்க்கவில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும். அவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் ஒரு அரசாணை எழுத முடியாது. எத்தனை கிணறு, எவ்வளவு உப்பு, எந்த வருஷத்திலிருந்து, விளைச்சலில் எத்தனை ரூபாய் போயிற்று, அதற்கு யார் பொறுப்பு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று இத்தனைக்கும் பதில் இருந்தால்தான் கோப்பு நகரும். மனுவுக்கும் அரசாணைக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தை நிரப்புகிற வேலைக்குத்தான் திங்க் டேங்க் என்று பெயர்.

தமிழில் இதற்குச் சிந்தனைக் குழாம், சிந்தனையகம், கொள்கை ஆய்வு மையம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் சரியாக ஒட்டவில்லை. சிந்தனை என்றதும் பட்டிமன்ற மேடைதான் நினைவுக்கு வருகிறது. உள்ளபடி இது கணக்குப்பிள்ளை வேலை. அரசு ஒரு முடிவு எடுத்தால் யாருக்கு எவ்வளவு வரவு, யாருக்கு எவ்வளவு செலவு என்று பேரேடு எழுதுவது. பிறகு அந்தப் பேரேட்டை முடிவெடுக்கிறவர் மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு எழுதினால் பட்டம் கிடைத்ததோடு வேலை முடிந்தது. கட்சிக்கு அடுத்த தேர்தல். தொண்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாக உதவி செய்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்பது கொள்கை ஆய்வு. அது யாருக்கும் அரிசி கொடுப்பதில்லை. ரேஷன் அரிசியின் விதி எப்படி இருந்தால் யார் விடுபடாமல் இருப்பார்கள் என்று பார்க்கிறது.

சரி, ‘முற்போக்கு’ எங்கே வருகிறது? கணக்கு என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். கூட்டல் கழித்தல் ஒன்றுதான். பேரேட்டில் யாருடைய பெயருக்குப் பக்கம் ஒதுக்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். தொழில் வளர்ந்தது, ஏற்றுமதி கூடியது என்று ஒரு பக்கம் எழுதினால், அதே பேரேட்டில் கீழ்மடை விவசாயிக்கும், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கும், காலனியில் இருக்கிற குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பதே முற்போக்குக் கொள்கை ஆய்வின் நிலைப்பாடு. நான் சார்பே இல்லாதவன் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்வோரை நம்பாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. சார்பு இருக்கலாம்; கணக்கில் பொய் இருக்கக் கூடாது.

இந்த வகை அமைப்புகளுக்கு மூத்தது லண்டனில் 1884இல் தொடங்கிய ஃபேபியன் சங்கம். நேருக்கு நேர் மோதாமல் தாமதித்தே எதிரியைக் களைக்கச் செய்த ரோமத் தளபதி ஃபேபியஸின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சங்கத்தின் முன்னணியில் இருந்த பியாட்ரிஸ் வெப், ஏழைகள் சட்டம் பற்றிய அரசுக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பெரும்பான்மையோடு உடன்படாமல் 1909இல் தனி அறிக்கை கொடுத்தார். வறுமைக்குக் காரணம் சோம்பல் என்ற எண்ணத்தை அது ஏற்கவில்லை. வேலையின்மையும் நோயும் முதுமையும்தான் காரணம், அவற்றைத் தடுப்பது அரசின் கடமை என்றது. அப்போது யாரும் அதைச் செயல்படுத்தவில்லை. அந்த அறிக்கைக்காக வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். 1942இல் அவர் பெயரில் வந்த அறிக்கைதான் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு அடித்தளம். நடுவே 33 வருஷம்! அமெரிக்காவில் வலதுசாரிகளுக்கு ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 1973லேயே வந்துவிட்டது. அதற்குப் பதில் போல சென்டர் ஃபார் அமெரிக்கன் புராகிரஸ் 2003இல் வந்தது. சென்னை அடையாறில் 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் நம் மாநிலத்தின் கூலி, நிலம், நீர் பற்றிய ஆய்வுகளுக்கு இன்றும் ஒரு நிலைக்களம்.

வெளியூர்க் கதை எதற்கு, நம் ஈரோட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1932 டிசம்பர் 28, 29 தேதிகளில் பெரியார் கூட்டிய கூட்டத்தில், சிங்காரவேலரின் துணையோடு ஒரு வேலைத்திட்டம் உருவானது. ஈரோட்டுத் திட்டம் என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான். ரயில், வங்கி, நிலம், காடு இவையெல்லாம் பொதுவுடைமை ஆக வேண்டும், விவசாயிகளின் கடன் தீர வேண்டும் என்றெல்லாம் அது பேசியது. பெரும்பகுதி நிறைவேறவில்லை. ஆனாலும் குறை சொல்லி மேடையில் பேசுவது ஒரு வேலை, குறைக்கு மாற்றாக ஒரு திட்டத்தைத் தாளில் எழுதி வைப்பது இன்னொரு வேலை என்ற புரிதல் அந்தக் கூட்டத்தில் இருந்தது.

இனி அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். அது ஏன் தெளிவாக இருந்தது என்பதில்தான் நொய்யல் கதையின் பாதி இருக்கிறது.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. 1990களின் பிற்பாதியில் திருப்பூரில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கவில்லை. ஆற்றில் சிவப்பும் நீலமும் ஓடியவரை பார்த்தவர் எல்லாருக்கும் புரிந்தது. நிறம் போன பிறகு, அளந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரிந்தது. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. அந்த எண்ணை எவரும் கண்ணால் பார்க்க முடியாது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடித்த அணை, பாசனத்துக்காகக் கட்டியது. அதில் தேங்கியது சாயக்கழிவு. பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஊறியது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வேறு எங்கேனும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கான ஆணையம் ஒரு கணக்குப் போட்டது: 2002 ஆகஸ்ட் 28 முதல் 2004 டிசம்பர் 31 வரைக்குமான இழப்பீடு, 28,596 பேருக்கு, 24,79,98,548 ரூபாய். இந்த எண் உச்ச நீதிமன்றத்தின் 2009 தீர்ப்பில் அப்படியே இருக்கிறது. கேட்கப் பெரிய தொகை. 25 கோடி என்று பேப்பரில் வந்தால் ‘அடேயப்பா’ என்போம். அதை ஆள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 8,672 ரூபாய் வரும். அது 28 மாதத்துக்கு. மாதத்துக்குச் சுமார் 310 ரூபாய்.

கொள்கை ஆய்வாளருக்கு வேலை தொடங்குவதே இந்த வகுத்தலுக்குப் பிறகுதான். அந்த 310 ரூபாய்க்குள் எது இருக்கிறது, எது இல்லை? நிலத்தையும் விளைச்சலையும் வைத்துப் போட்ட கணக்கு அது. அந்தத் தோட்டத்தில் களை எடுத்துக் கூலி வாங்கிய பெண்ணுக்கு நிலம் இல்லை. அதனால் கணக்கிலும் இடம் இல்லை. மாடு குடிக்காத தண்ணீர், லாரியில் விலைக்கு வாங்கிய குடிநீர், உப்புத் தண்ணீர் ஊர் என்று தெரிந்ததும் தள்ளிப்போன கல்யாணப் பேச்சு, இவற்றுக்கு எந்த வரிசையில் தொகை எழுதுவது? எல்லாவற்றையும் ரூபாயாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். ஆனால் விட்டுப்போனவற்றைப் பெயர் சொல்லி எழுதி வைத்தால்தான் அடுத்த தடவை நீதிபதியோ செயலாளரோ அதைப் பற்றிக் கேட்பார்.

உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறச் சொல்லிக் கெடு வைத்தது. அதுவரை விடுகிற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அபராதம் விதித்தது. கெடு தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கீழ்மடையில் அது நியாயம். அதே சமயம் திருப்பூரில் சாயப்பட்டறைக் கூலிக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். சாயம் ஏறிய துணி வராததால் தையலும் செக்கிங்கும் பேக்கிங்கும் அடிவாங்கின. சில பட்டறைகள் வேறு மாவட்டங்களுக்குச் சத்தமில்லாமல் இடம் மாறின. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, சுத்திகரிப்பு நிலையங்கள் உப்பையும் பிரித்து எடுக்கத் தொடங்கிய பிறகே தொழில் மெல்ல எழுந்தது.

முற்போக்கு என்று பெயர் வைத்துக்கொண்ட ஆய்வுக்கு இதில் ஒரு சோதனை இருந்தது. விவசாயி பக்கமா, தொழிலாளி பக்கமா? இருவருமே கீழே இருப்பவர்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். படிக்க விறுவிறுப்பாக இருக்கும், உபயோகம் கம்மி. பயன்படுகிற கேள்வி வேறு. ஒரு பனியனின் விலையில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற செலவு எத்தனை ரூபாய், அதை வெளிநாட்டு வாங்குபவர் ஏற்பாரா, ஏற்கவில்லை என்றால் மாற்றம் நடக்கும்வரை தொழிலாளியின் கூலியை யார் கொடுப்பது? இந்தக் கணக்கை 1990களிலேயே போட்டு வைத்திருந்தால் 2011இன் பூட்டு தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். தொழிலால் ஏற்படும் சேதத்தைப் பற்றிப் பொருளியல் ஆய்வுகள் வராமல் இல்லை. மாற்றத்தின் செலவை யார் சுமப்பது என்ற கேள்விதான் பேரேட்டுக்கு வரவில்லை.

கூலி விஷயம் இதைவிடக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது. திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் பன்னிரண்டு மணி நேரம். காலையில் எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. சனிக்கிழமை சம்பளம். டெய்லருக்குப் பீஸ் ரேட், அவருக்கு உதவியாக நிற்கும் கைமடிக்கு நாள் கூலி. இந்தக் கூலி போதுமா என்று கேட்டால் முதலாளி ஒரு பதில் சொல்வார், சங்கம் ஒரு பதில் சொல்லும். எது சரி என்று பார்க்க ஒரு அளவுகோல் 1957லேயே இருக்கிறது. அந்த வருஷம் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட வழி சொன்னது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (ஒரு பெரிய ஆளின் தேவை ஒரு அலகு), ஒரு அலகுக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, இவற்றோடு எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். பிற்பாடு ரெப்டகோஸ் பிரெட் என்ற கம்பெனியின் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை, கல்யாணம் போன்றவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது.

இதை எடுத்துக்கொண்டு ஒரு லைன் வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும். ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, பொதுக் கழிவறை. வாடகை எவ்வளவு, கரண்ட்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார், சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, பால் பாக்கெட் எத்தனை, ஸ்கூல் வேன் கட்டணம், குழுக் கடன் தவணை, ஊருக்கு அனுப்புவது. கணவனும் மனைவியும் கம்பெனிக்குப் போகிற வீட்டில் ஒருவர் கூலி முழுக்க எதற்குப் போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் வாடகையும் தவணையும்தான். ஒரு அக்காவிடம் துணிக்கு என்ன செலவு என்று கேட்டபோது சிரித்தார். “நாள் முச்சூடும் துணிக்குள்ளதான் கெடக்கறோம் தம்பி. தீவாளிக்குத்தான் எடுக்கறது.” 72 கெஜம் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்படி எடுக்கிற கணக்கு வீட்டுக்கு வீடு வேறுபடும். அதனால் பல வீடு, பல மாதம், ஒரே கேள்வித்தாள். சலிப்பான வேலை. ஆனால் கூலிப் பேச்சுவார்த்தையில் ‘விலைவாசி ஏறிப்போச்சு’ என்பதற்கும் ‘இந்த வார்டில் இந்த ஆறு மாதத்தில் வாடகை இத்தனை சதவீதம் ஏறியது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சலிப்பில்தான் கிடைக்கிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தபோது இலவசம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. பயணம் செய்யும் பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்ன பிறகு, ஏளனம் செய்பவரும் ஒரு எண்ணோடு வர வேண்டியதாயிற்று.

கொங்கு நாட்டில் கொள்கை ஆய்வுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயம்புத்தூரில் மில்காரர்கள் சங்கமான சைமா 1933இலிருந்து இருக்கிறது. பஞ்சு விலை, நூல் விலை, மின் கட்டணம், வட்டி எல்லாவற்றுக்கும் அவர்களிடம் மாதாமாதம் எண் உண்டு. பட்ஜெட்டுக்கு முன்னால் டெல்லிக்குப் போகிற மனுவில் எந்த வரியில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பதுவரை இருக்கும். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது. விடாமல் எழுதினார்கள், 2022 ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கமானது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களின் கூலி ஒப்பந்தம் கையெழுத்தாகியும் நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 தொடக்கத்தில் தறிகளை நிறுத்திப் போராடினார்களே, அவர்களிடம் அப்படி ஒரு அலுவலகம் இல்லை. மீட்டருக்கு எத்தனை பைசா, தறி தேய்மானம் எவ்வளவு, உதிரிபாகம் எவ்வளவு என்று மனசுக்குள் எல்லாருக்கும் தெரியும். தாளில் ஒரே மாதிரி எழுதி வைத்தவர் குறைவு. ஒரு தரப்பு எண்ணோடும் இன்னொரு தரப்பு ஆதங்கத்தோடும் மேஜைக்கு வந்தால் முடிவு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

எண் எதைச் செய்யும் என்பதற்கு இந்த மண்ணிலேயே நல்ல உதாரணம் அருந்ததியர் உள் ஒதுக்கீடு. மேற்கு மாவட்டங்களில் அதிகம் வாழும் இந்த மக்கள், பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள்ளும் தங்களுக்கு வந்து சேர்வது மிகக் குறைவு என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள். சொன்னவரை அது குமுறலாகவே இருந்தது. நீதிபதி எம். எஸ். ஜனார்த்தனம் குழு மக்கள் தொகையையும் வேலையிலும் படிப்பிலும் இருக்கிற எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. உட்பிரிவு செய்யலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போய், 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வில் ஆறு பேர் செய்யலாம் என்றார்கள். தரவு இருந்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. தெருவில் இறங்கியவர்கள் இல்லாமல் குழுவே அமைந்திருக்காது. ஆனால் குழு அமைந்த அன்றைக்குக் கொடுக்கக் கையில் தரவு வேண்டும்.

பணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. ஆய்வாளருக்கும் சாப்பாடு வேண்டும். வெளிநாட்டு நிதி என்றால், அதற்கான சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. டெல்லியில் 1973இலிருந்து இயங்கும் சி.பி.ஆர். என்ற கொள்கை ஆய்வு மையத்துக்கே 2024 ஜனவரியில் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானது. உள்ளூர் நிதி என்றால் கொங்கில் அது பெரும்பாலும் மில், பம்ப், பனியன் குடும்பங்களின் அறக்கட்டளைப் பணம். மில் கூலி பற்றிய ஆய்வுக்கு மில் பணம் என்றால், அறிக்கையின் மூன்றாவது அத்தியாயம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரே ஓரளவு நியாயமான ஏற்பாடு, யார் கொடுத்த பணம் என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிடுவதும், சேகரித்த தரவை முழுக்க வெளியில் வைப்பதும். எதிர்த்தரப்பும் அதைக் கூட்டிப் பார்க்கட்டும்.

இன்னொரு குறையும் உண்டு. பல்லடத்துத் தறிக்காரரைப் பற்றிய அறிக்கை பல்லடத்துத் தறிக்காரர் படிக்க முடியாத ஆங்கிலத்தில் வருகிறது. வெளியீட்டு விழா நட்சத்திர ஓட்டலில். தகவல் கொடுத்தவர், கேள்விக்குப் பதில் சொன்னவர், யாருக்கும் ஒரு பிரதி போவதில்லை. மூன்று தடவை கேள்வித்தாளோடு வந்தவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, நாலாவது தடவை கதவைச் சாத்திய தெரு ஒன்று எனக்குத் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்து யார் கணக்கு எடுக்கப் போகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பது அத்திக்கடவு – அவிநாசித் திட்டம். அறுபது வருஷத்துக்கும் மேலான கோரிக்கை. 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிற திட்டம். எத்தனை குட்டைக்குத் தண்ணீர் போயிற்று என்று அரசிடம் பட்டியல் இருக்கும். சுற்றியுள்ள கிணறுகளில் எத்தனை அடி ஏறியது, எந்தக் கிணறு ஏறவில்லை, போர் ஆழமாகப் போட்டவர் எவ்வளவு இழுத்தார், கிணறே இல்லாத குத்தகைக்காரருக்கு என்ன வந்தது என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். ஒரு குட்டையைச் சுற்றி இருபது கிணற்றைப் பிடித்து, மாதம் ஒருமுறை அளந்து, ஐந்து வருஷம் நோட்டில் ஏற்றினால் போதும். அவிநாசிப் பக்கக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் இதைச் செய்யலாம். கருவிகூட வேண்டாம், கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டால் சரி.